வீட்டுக்கு ஒரு குரல்

அடுத்த அறையில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. புது மரத்தரையில் முப்பத்தைந்து நாற்காலிகள். கீச்சென்று ஒவ்வொன்றாய் நகர்ந்து வட்டமாகிக்கொண்டிருந்தன.

ஹென்னி சுரண்டிக்கொண்டிருந்த புது உருளைக்கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காது கொடுத்தாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே பரிமாறுவதற்கு ஒரு பெரிய திறப்பு உண்டு. அதை மூடும் பலகை போன வாரம்தான் பொருத்தப்பட்டிருந்தது. மூடினாலும் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது.

அந்த இடைவெளி வழியாக ஒரு கனைப்பு வந்தது. தோர்கில். பதினான்கு வருஷம் கேட்டுப் பழகிய கனைப்பு. அது வந்தால் பின்னாலேயே நீளமான பேச்சு வரும், அந்தப் பேச்சு முடியும்போது எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று ஹென்னிக்குத் தெரியும்.

"நான் யாரையும் குறை சொல்ல வரல" என்று தோர்கில் ஆரம்பித்தான்.

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

ஹோல்பெக் நகரத்துக்கு வெளியே, ஓட்ஸ் வயலாக இருந்த இடத்தில் இருபது வீடுகள் இரண்டு வரிசையாக எழும்பி நின்றன. நடுவே நடைபாதை. ஒரு முனையில் இந்தப் பொதுவீடு. எல்லோரும் வாரத்தில் நான்கு நாள் சேர்ந்து சாப்பிட ஒரு கூடம், சேர்ந்து சமைக்க ஒரு சமையலறை. வரும் சனிக்கிழமை சாவி கொடுக்கப்போகிறார்கள். இருபதில் பத்தொன்பது வீடுகளுக்கு யார் என்பது முடிந்துவிட்டது. ஒன்பதாம் எண் வீடு யாருக்கு என்பதைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் எண் வீடு ஹென்னிக்கும் தோர்கிலுக்கும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்ததுதான்.

ஹென்னி லோலண்ட் தீவில் பீட்ரூட் வயலில் கூலி வேலை செய்தவரின் மகள். பதினைந்து வயதில் ஒரு பண்ணை வீட்டுச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபதில் ஆஸ்பத்திரிச் சமையலறை. அங்கே தினம் நானூறு பேருக்குச் சாப்பாடு. நோயாளிகளைப் பார்க்க வந்த ஒரு பள்ளி ஆசிரியன் அவள் வைத்த குழம்பைப் பாராட்டி எழுதிய சீட்டில்தான் அவள் வாழ்க்கை திரும்பியது. சீட்டெழுதியவன் தோர்கில். அவனுக்கு எழுதவும் பேசவும் வரும். அவளுக்குச் சமைக்க வரும். அதுவே போதும் என்று நினைத்திருந்தாள்.

மகள் ஸ்டீனா பிறந்த குளிர்காலத்தில் மூன்றாவது மாடிக் குடியிருப்பில் ஹென்னி காய்ச்சலில் விழுந்தாள். தோர்கில் ஆசிரியர் மாநாட்டுக்குப் போயிருந்தான். இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. குழந்தை அழுதது. கீழ் வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் தன் கூரையை, அதாவது ஹென்னியின் தரையைத் தட்டினாள். அழுகையை நிறுத்தச் சொல்லித் தட்டினாளே தவிர, மாடியேறி வந்து கதவைத் தட்டி என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. அந்தக் கட்டைச் சத்தம் ஹென்னியின் நெஞ்சில் ஆணியாக இறங்கிவிட்டது.

அதனால்தான் சேர்ந்து வாழ விரும்புகிறவர்கள் கூடுகிறார்கள் என்று பத்திரிகையில் வந்த நான்கு வரி விளம்பரத்தை அவள் கத்தரித்து வைத்தாள். தோர்கிலை அழைத்துக்கொண்டு முதல் கூட்டத்துக்குப் போனதும் அவள்தான். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு கூட்டம். பக்கத்துக் கிராமத்தார் இந்தத் தாடிக்காரக் கூட்டம் வேண்டாம் என்று நகரசபைக்கு மனுப் போட்டபோது, மற்றவர்கள் பதில் மனு எழுத உட்கார்ந்தார்கள். ஹென்னி ஆப்பிள் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு பதினோரு வீட்டுக் கதவைத் தட்டினாள். பதினோரு வீட்டிலும் காப்பி குடித்தாள். மனு திரும்பப் பெறப்பட்டது.

பாத்திரம் கழுவும் இடம் ஒவ்வொரு வீட்டிலும் நடைபாதையைப் பார்த்து இருக்க வேண்டும் என்று சொன்னதும் அவள்தான். "கை வேலை செய்யும்போது கண்ணுக்கு மனுஷங்க வேணும்" என்றாள். கட்டிடக் கலைஞர் அதைக் குறித்துக்கொண்டார். அப்படித்தான் ஒன்பதாம் எண் வீட்டின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, எட்டு அடி தூரத்தில் பதினான்காம் எண் வீட்டின் சமையலறை ஜன்னல் அமைந்தது.

பதினான்காம் எண் உல்லாவின் வீடு. பியானோ சொல்லிக்கொடுக்கிறவள். மெலிந்த கைகள், மெதுவான பேச்சு. கூரை ஓடு சிவப்பா கறுப்பா என்று மூன்று மணி நேரம் பேசிய கூட்டத்திலிருந்து வீடு திரும்பும் வழியில், காரை ஓரமாக நிறுத்திவிட்டு, "எனக்கும் உல்லாவுக்கும்..." என்று தோர்கில் சொன்னது போன அக்டோபரில். மழை. கண்ணாடித் துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. ஹென்னி அழவில்லை. "வீட்டுக்குப் போ. ஸ்டீனா தனியா இருக்கா" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது வம்பு வேறு எதிலும் இல்லை, அவர்களே சேர்ந்து போட்ட சட்டங்களில்தான். அழகாக எழுதக்கூடியவன் என்று அவற்றை எழுதும் வேலை தோர்கிலிடம் கொடுக்கப்பட்டிருந்தது. இருக்கிற வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் யாருடைய சம்மதமும் தேவையில்லை. காதலையும் குழந்தையையும் கூட்டம் போட்டு முடிவு செய்யக்கூடாது. ஆகவே தோர்கில் தன் பெயரை உல்லாவின் வீட்டோடு சேர்த்துவிட்டான், யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் குடிபோகுமுன் ஒரு குடும்பம் உடைந்தால், மீதி இருப்பவர் புதுக் குடும்பம். புதுக் குடும்பம் எல்லோருக்கும் ஒரு வேளை சமைத்துப் போட வேண்டும். சமையல் நடக்கும்போது மற்றவர்கள் கூடிப் பேசுவார்கள். பேசப்படுகிறவர் கூடத்தில் இருக்கக்கூடாது. வீட்டுக்கு ஒரு குரல். ஒரு வீடு முடியாது என்று சொன்னாலும் முடியாதுதான். ஒரே வீட்டுக்குள் இருவர் இரண்டு விதமாகச் சொன்னால், அந்த வீடு அந்தச் சுற்றில் பேசாத வீடாகக் கணக்கு.

ஐந்து வருஷம் அவர்களுக்குச் சமைத்துப் போட்டவள் இன்று புதுசாக வந்தவளைப் போல் சமைத்துக்கொண்டிருந்தாள். தோர்கில் பதினான்காம் வீட்டுக்காரனாக உள்ளே உட்கார்ந்திருந்தான்.

இறைச்சி உருண்டைக்கு மாவும் முட்டையும் சேர்த்துப் பிசையத் தொடங்கினாள். பலகைக்கு அந்தப் பக்கம் தோர்கிலின் குரல் இதமாக, நியாயமாக ஒலித்தது.

"தினமும் காலையில எட்டடி தூரத்துல... இது அவளுக்கும் நல்லதில்ல. ஸ்டீனாவுக்கும் நல்லதில்ல. நான் அவளுக்காகத்தான் சொல்றேன்."

"அவளுக்காகச் சொல்றதா இருந்தா அவ பக்கத்துல உக்காந்து சொல்லலாமே" என்றது எப்பாவின் குரல். எப்பா தபால் நிலையத்தில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கூட்டத்தில் எப்போதும் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள்.

"எப்பா, உன் முறை வரட்டும்" என்றார் ஹோல்கர்.

"என் முறை வரதுக்குள்ள இந்த ஸ்வெட்டர் கை பின்னி முடிஞ்சிடும் போலிருக்கு."

யாரோ சிரித்தார்கள். ஹென்னி சிரிக்கவில்லை. பிசைந்த கை மரத்துப்போயிருந்தது. இருந்த குடியிருப்பைக் காலி செய்வதாக அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். ஜூலை முதல் தேதி அங்கே வேறு குடும்பம் வருகிறது. ஸ்டீனா ஏற்கனவே தன் அறைக்கு மஞ்சள் பூச வேண்டும் என்று டப்பா வாங்கி வைத்திருந்தாள். இந்த வீடு இல்லையென்றால் மறுபடியும் எங்கோ ஒரு மூன்றாவது மாடி.

சமையலறைக் கதவு திறந்தது. ஹோல்கர். நிலம் அளக்கிற வேலை, நெஞ்சு வரை தாடி, இன்றைய கூட்டத்துக்குத் தலைவர். காப்பிப் பாத்திரத்தைக் கையில் வைத்திருந்தார். அதில் காப்பி இருந்தது. ஆகவே காப்பிக்காக வரவில்லை.

"நல்லா வாசனை வருது, ஹென்னி."

"இன்னும் அடுப்புலயே வைக்கல."

ஹோல்கர் தாடியைத் தடவினார். "கொஞ்சம் பேச்சு நடக்குது உள்ள."

"தெரியுது. பலகை சரியா பொருந்தல."

"ஓ." அவர் பலகையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "பாரு, யாருக்கும் உன்மேல ஒண்ணும் இல்ல. நீ இல்லாம இந்த இடமே வந்திருக்காது. ஆனா பதினாலாம் வீட்டுக்கு... கஷ்டமா இருக்கு. அவங்க முடியாதுன்னு சொல்லிட்டா, அப்புறம் அந்தச் சொல்லு இங்கேயே நின்னுடும். எல்லாரும் அதோடயே வாழணும்."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"நீயாவே வாபஸ் வாங்கிட்டா..." ஹோல்கர் காப்பிப் பாத்திரத்தை மேஜையில் வைத்தார், மறுபடி கையில் எடுத்தார். "யாரும் யாரையும் முடியாதுன்னு சொல்ல வேண்டியிருக்காது. அடுத்த வருஷம் ரிங்ஸ்டெட் பக்கம் இன்னொரு கூட்டம் இதே மாதிரி வீடு கட்டப் போறாங்க. நாங்க எல்லாரும் உனக்காக எழுதிக் கொடுப்போம்."

நல்ல மனிதர்தான். அவர் கண்ணில் நிஜமாகவே நீர் கட்டியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் ஹென்னிக்கு விஷயம் புரிந்தது. இந்த நல்லவர்களில் யாருக்கும் அவளை வெளியே தள்ளும் துணிச்சல் இல்லை. அதனால் அவளே வெளியே நடந்து போய்விட வேண்டும் என்று அன்போடு கேட்கிறார்கள். போகும் வழிக்குக் கதவையும் பிடித்துக்கொள்வார்கள்.

"எத்தனை பேருக்குச் சமைக்கிறேன் தெரியுமா, ஹோல்கர்?"

"குழந்தைங்களோட சேர்த்து ஐம்பத்து எட்டு."

"ஐம்பத்து எட்டு. நானூறு பேருக்குச் சமைச்சப்போகூட யாரும் என்னை வெளிய போகச் சொன்னதில்ல."

அவள் அடுப்புப் பக்கம் போய் உருளைக்கிழங்குப் பானையின் கீழே தீயை அணைத்தாள். கையைக்கூடத் துடைக்கவில்லை. ஹோல்கர், "ஹென்னி, சட்டப்படி நீ..." என்று சொல்லி முடிப்பதற்குள் அவரைக் கடந்து கூடத்துக்குள் போய்விட்டாள்.

முப்பத்து நான்கு முகங்கள் திரும்பின. கூடத்தில் பெயிண்ட் வாசனை. பெரிய ஜன்னல் வழியாக ஜூன் மாதத்து வெளிச்சம் எல்லார் மேலும் கூசாமல் விழுந்தது. தோர்கில் வாயைத் திறந்தபடி நின்றான். அவன் பக்கத்தில் உல்லா மடியில் கைகளைக் கோத்து வைத்திருந்தாள்.

"நான் வாபஸ் வாங்கல" என்றாள் ஹென்னி. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "எனக்கு உங்களை மாதிரிப் பேச வராது. முடியாதுன்னு சொல்றவங்க சொல்லுங்க. ஆனா என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. சமையலறையில உக்காந்து பலகை வழியா கேட்டுட்டு நான் போகமாட்டேன்."

"சட்டம் அப்படியில்ல, ஹென்னி" என்றான் தோர்கில் மென்மையாக. "பேசப்படுறவங்க வெளியில இருக்கிறது அவங்களுக்கான பாதுகாப்பு."

"நான் வெளியில இருந்தது உனக்குத்தான் பாதுகாப்பா இருந்துச்சு."

எப்பா பின்னல் ஊசியால் பக்கத்துக் காலி நாற்காலியைத் தட்டினாள். "இங்க உக்காரு. இந்தச் சட்டத்தை மீறினதுக்கு என்ன தண்டனைன்னு யாரும் எழுதி வைக்கல. நான் தேடிப் பார்த்துட்டேன்."

ஹென்னி உட்கார்ந்தாள். ஹோல்கர் வாசலிலேயே நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சரி. சுற்று ஆரம்பிக்கலாம். ஒண்ணாம் வீடு" என்றார்.

இந்தக் கூட்டத்தில் வாக்குச் சீட்டு கிடையாது, கை தூக்குவதும் கிடையாது. வரிசையாக ஒவ்வொரு வீடும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும். ஒன்று, என்னால் இதோடு வாழ முடியும். இல்லையென்றால், முடியாது.

"என்னால இதோட வாழ முடியும்" என்றது ஒன்றாம் வீடு. இரண்டாம் வீடு முணுமுணுத்தது, ஆனால் சொன்னது. மூன்றாம் வீட்டுக்காரன் ஹென்னியின் முகத்தைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துச் சொன்னான். ஒவ்வொரு சொல்லும் அவள் தோளிலிருந்து ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லை வைத்தது போலிருந்தது. பதினான்கு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதைத் தாண்டும்போது ஹோல்கர் ஒரு கணம் நிறுத்திவிட்டு, "பத்து" என்றார்.

பதினொன்று எப்பா. "முடியும். இன்னும் நூறு வருஷம் முடியும். அடுத்தவங்க."

பன்னிரண்டு. பதின்மூன்று.

"பதினாலு."

தோர்கில் எழுந்தான். அவன் ஹென்னியைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. அவனும் இதை எளிதாகச் சொல்லப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பதினான்கு வருஷத்தில் அந்த முகத்தை அவ்வளவாவது படித்திருந்தாள். காலையில் ஜன்னலைத் திறந்தால் தான் செய்த காரியம் எதிரே நின்று பாத்திரம் கழுவுகிறது. அதைத்தான் அவனால் பார்க்க முடியாது.

"என்னால முடியாது" என்றான். "மன்னிச்சிடு. என்னால இதோட வாழ முடியாது."

கூடத்தில் பெருமூச்சு ஒன்று எழுந்து அடங்கியது. ஹென்னி எழுந்துகொள்ள நாற்காலியின் விளிம்பைப் பிடித்தாள். உருளைக்கிழங்கு குளிர்ந்துவிடும் என்ற எண்ணம்தான் அந்த நேரத்திலும் வந்தது. இவர்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் போக வேண்டுமா, போடாமலே போகலாமா என்று அவளுக்குப் புரியவில்லை.

"என்னால முடியும்" என்றாள் உல்லா.

அவள் எழுந்திருக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள், பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

"என்ன சொன்ன?" என்றார் ஹோல்கர்.

"என்னால இதோட வாழ முடியும்." கோத்திருந்த கைகள் வெளுத்துப்போயிருந்தன. "ஹென்னி எதிர்ல இருக்கறதோட."

தோர்கில் குனிந்தான். "உல்லா, நாம பேசி வச்சது..."

"நீ பேசினே. நான் கேட்டுட்டிருந்தேன்."

"நீ இப்ப என்ன செய்யறேன்னு தெரிஞ்சுதான் செய்யறியா?"

"நீ எழுதின சட்டம்தான், தோர்கில். எனக்குப் படிக்கத் தெரியும்."

எப்பா பின்னலை மடியில் போட்டாள். "வீட்டுக்கு ஒரு குரல். பதினாலாம் வீட்டுல ரெண்டு. அப்படின்னா பதினாலு இன்னிக்குப் பேசல. ஹோல்கர், பதினஞ்சைக் கூப்பிடு. எனக்குப் பசிக்குது."

ஹோல்கர் தோர்கிலைப் பார்த்தார், உல்லாவைப் பார்த்தார், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு, "பதினஞ்சு" என்றார்.

மீதி ஆறு வீடுகளும் சொல்லி முடிப்பதற்குள் தோர்கில் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தான். இருபதாம் வீடு சொன்னதும் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். ஹென்னிக்கு அது காதில் விழவில்லை. அவள் சமையலறைக்கு ஓடி, தீயைப் பற்றவைத்து, பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, பலகைக்கு அந்தப் பக்கம் கேட்காமல் அழுதாள். எட்டு மாதமாக அழாத அழுகை. அழுதுகொண்டே வெண்ணெயை வாணலியில் போட்டாள்.

அன்றைக்கு ஐம்பத்து ஏழு பேர் சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை குடிபோனாள். லாரி வேண்டாம் என்று நான்கு பேர் சரக்குச் சைக்கிளில் பெட்டிகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எப்பா கொடிக்கம்பத்தில் சிவப்பும் வெள்ளையுமான தேசியக் கொடியை ஏற்றினாள். ஸ்டீனா மற்றப் பிள்ளைகளோடு குளத்தைப் பார்க்கப் போய்விட்டாள். ஹென்னி பெட்டிகளுக்கு நடுவே வெங்காயக் கூடையை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, திறந்து கிடந்த கதவை யாரோ தட்டினார்கள். காலையிலிருந்து வேறு யாரும் கதவைத் தட்டவில்லை, அப்படியே உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

உல்லா. கையில் ஒரு ஜோடி பனிக்கால பூட்ஸ்.

"ஸ்டீனாவோடது. தோர்கில் கார்ல கிடந்துச்சு."

"அவன் கொண்டு வரலாமே."

"வரமாட்டான். ஆறு நாளா என்கிட்டயும் பேசல. தனியா சமைச்சுச் சாப்பிடறான்."

"அவனுக்கு முட்டை மட்டும்தான் வேக வைக்கத் தெரியும்."

"அதைத்தான் சாப்பிடறான்."

இருவருக்கும் சிரிப்பு வரப்பார்த்தது. இருவரும் அதை விடவில்லை. ஹென்னி பூட்ஸை வாங்கிச் சுவரோரம் வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. உட்கார நாற்காலியும் இல்லை.

"ஏன் அப்படிச் சொன்னேன்னு நீ கேக்கவே இல்ல" என்றாள் உல்லா.

"கேக்கணுமா?"

"உன் கையில மாவு இருந்துச்சு." உல்லா தன் கைகளைப் பார்த்தபடி பேசினாள். "எனக்கும் சேர்த்துப் பிசைஞ்சிட்டிருந்த மாவு. புருஷனை எடுத்தாச்சு. வீட்டையும் எடுத்துட்டு, அப்புறம் அதையும் உக்காந்து சாப்பிட்டிருப்பேன். அது மட்டும் என்னால முடியல." அவள் நிமிர்ந்தாள். "ஹென்னி, என்னை மன்னிப்பியா?"

எதிர் ஜன்னலில் உல்லாவின் பூந்தொட்டி தெரிந்தது. ஹென்னி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றாள். "எப்ப முடியும்னும் தெரியாது. முடியாமலே போகலாம். அதை வட்டமா உக்காந்து முடிவு பண்ண முடியாது."

உல்லா தலையாட்டினாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"சமையல் பட்டியல் ஒட்டியிருக்காங்க, பார்த்தியா?" என்றாள் ஹென்னி. "வியாழக்கிழமை உனக்கும் எனக்கும் சேர்த்துப் போட்டிருக்காங்க."

"பார்த்தேன். மாத்தச் சொல்லி ஹோல்கர்கிட்ட பேசட்டுமா?"

"வேண்டாம். வெங்காயம் நறுக்கத் தெரியுமா?"

"தெரியும்னு நினைக்கிறேன்."

"அப்ப தெரியாது. நாலு மணிக்கு வர்றதை மூணரைக்கு வா."

"வரேன்."

உல்லா வாசல் பக்கம் திரும்பினாள். ஹென்னி வெங்காயக் கூடையைத் தரையில் வைத்துவிட்டு வாசல்வரை கூட வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்ளவில்லை. உல்லா படியிறங்கி, எட்டடி நடைபாதையைத் திரும்பிப் பார்க்காமல் கடந்தாள்.

ஹென்னி கதவைச் சாத்தினாள்.